மொண்டுகொள்ளப் பாத்திரமில்லாதவர்

கல்லூரிப் படிப்பை முடித்த ஆண்டில், சபையின் வாலிபர் குழுவோடு ஒரு தொழுநோயாளர் இல்லத்துக்குப் போயிருந்தேன். அங்கே வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கம்பளி கொடுத்தோம், பாடினோம், ஜெபித்தோம். அன்றைக்குச் சிறு செய்தி கொடுக்கும் பொறுப்பு என்னுடையது. மாற்கு முதலாம் அதிகாரத்திலிருந்து, இயேசு ஒரு குஷ்டரோகியைத் தொட்ட பகுதியை எடுத்துக்கொண்டு ஏழெட்டு நிமிடம் பேசினேன். நன்றாகப் பேசினேன் என்று எனக்கே தோன்றியது.

எல்லாம் முடிந்தபின் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தபோது, கடைசியாகக் கம்பளி வாங்கிய பாட்டி தமது அறைக்குள் போய் ஒரு எவர்சில்வர் தம்ளர் நிறையத் தண்ணீரோடு வந்தார். நோய் அவருக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே குணமாகிவிட்டது. ஆனால் மழுங்கிய விரல்கள் மழுங்கியபடியே நின்றுவிட்டன. அதனால் தம்ளரை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் அழுத்திப் பிடித்திருந்தார். விளிம்புவரை நிறைந்திருந்த தண்ணீர், அறை வாசலிலிருந்து நான் நின்ற இடம் வரைக்கும் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

“இவ்வளவு நேரம் பேசுனீங்களே தம்பி, தொண்டை வறண்டிருக்கும். இந்தாங்க.”

“இப்பதான் குடிச்சேன் பாட்டி.”

காலையிலிருந்து நான் எதுவும் குடித்திருக்கவில்லை. அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு, “பரவாயில்ல, இங்க வச்சிருக்கேன்” என்று சொல்லித் தம்ளரை வராந்தாத் திண்டின்மேல் வைத்துவிட்டு, கம்பளியை மடித்து வைக்க உள்ளே போய்விட்டார்.

நோய் தொற்றிவிடும் என்று நான் பயந்தேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. கூட்டு மருந்துச் சிகிச்சையை உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கத் தொடங்கியது 1980களின் தொடக்கத்தில். அதற்குப் பிறகு இந்த நோய் முழுமையாகக் குணமாகக்கூடியது என்பதும், குணமானவரிடமிருந்து எவருக்கும் பரவாது என்பதும் எனக்குத் தெரியும். செய்திக்காகத் தயாரித்த குறிப்பில்கூட எழுதி வைத்திருந்தேன். என் கையிலிருந்து அவர் கைக்குக் கம்பளி போனபோது எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. அவர் கையிலிருந்து என் கைக்கு ஒன்று வந்தபோதுதான் உடம்பு தானாகப் பின்வாங்கியது. சமூகம் ஒதுக்கியவர்களை எப்படி நடத்த வேண்டும் என்று வேதாகமம் சொல்வதை அதற்குப் பின் எத்தனை முறை வாசித்தாலும், அந்தத் தம்ளரின் வழியாகத்தான் வாசிக்க முடிகிறது. கொடுப்பதைப்பற்றி எனக்குப் போதித்தவர்கள் பலர். வாங்கிக்கொள்வதைப்பற்றி எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆனால் சுவிசேஷங்களைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் அதுதான் இருக்கிறது.

முதலில் நான் பிரசங்கித்த பகுதியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதை நான் பாதிதான் வாசித்திருந்தேன். லேவியராகமம் 13ஆம் அதிகாரத்தின்படி, குஷ்டரோகி என்று ஆசாரியன் தீர்த்தவன் தன் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டு, தலையை மூடாமல், “தீட்டு, தீட்டு” என்று தானே சத்தமிட வேண்டும். அவன் குடியிருப்பு பாளயத்துக்கு, அதாவது மக்கள் கூடாரமிட்டுத் தங்கிய இடத்துக்கு, புறம்பே இருக்க வேண்டும். (அந்த எபிரெயச் சொல் இன்றைய தொழுநோயை மட்டும் குறிப்பதல்ல, துணியிலும் வீட்டுச் சுவரிலும்கூட அது காணப்படும் என்று அதே நூல் பேசுகிறது. பல்வேறு தோல் நோய்களுக்கும் பூஞ்சைகளுக்கும் ஒரே பெயர்.) இப்படிப்பட்ட ஒருவன் இயேசுவிடம் வந்து முழங்கால்படியிட்டு, “உமக்குச் சித்தமானால் என்னைச் சுத்தமாக்க உம்மால் ஆகும்” என்கிறான். உம்மால் முடியுமா என்பது அவன் கேள்வியே அன்று. மனம் இருக்கிறதா என்பதுதான் அவனுக்குத் தெரியவில்லை. நோயாளிகளோடு கொஞ்சம் பழகியவர்களுக்கு இந்த வேறுபாடு புரியும். இயேசு கையை நீட்டி அவனைத் தொடுகிறார். அதன் பிறகுதான் சொல்லால் சுகப்படுத்துகிறார். நான் பிரசங்கித்தது இதுவரைக்கும்தான்.

அந்தப் பகுதியின் கடைசி வசனத்தை விட்டுவிட்டேன். யாருக்கும் சொல்லாதே என்று கட்டளையிட்டும் அவன் போய் ஊரெல்லாம் சொல்லிவிடுகிறான். அதனால் இயேசு அதன்பின்பு வெளியரங்கமாய்ப் பட்டணத்துக்குள் பிரவேசிக்கக் கூடாமல், வெளியே வனாந்தரமான இடங்களில் தங்கியிருந்தார் என்று மாற்கு முடிக்கிறார். பாளயத்துக்கு வெளியே இருந்தவன் உள்ளே போய்விட்டான். உள்ளே இருந்தவர் வெளியே வந்துவிட்டார். காலை ஜெபத்துக்குப் பின் தொடங்கிய ஓர் ஊழியப் பயணம் இப்படி இடம் மாறி முடிகிறது. மாற்கு இதற்கு விளக்கம் ஒன்றும் தராமல் அடுத்த கதைக்குப் போய்விடுவதால், வேகமாக வாசிப்பவர்கள் தாண்டிவிடுவார்கள். நான் தாண்டினேன்.

இந்த இடத்தில் ஒரு தவற்றைத் தவிர்க்க வேண்டும். நியாயப்பிரமாணம் ஒதுக்கியது, இயேசு சேர்த்துக்கொண்டார் என்று எளிதாகப் பிரித்துப் பேசும் பிரசங்கங்களை நிறையக் கேட்டிருக்கிறேன். இயேசு யூதர், அவர் சுகப்படுத்தியவனை, மோசே கட்டளையிட்டபடி ஆசாரியனுக்குத் தன்னைக் காண்பிக்கச் சொல்லித்தான் அனுப்புகிறார். அதே லேவியராகமத்தின் 14ஆம் அதிகாரம், குணமானவனைப் பார்க்க ஆசாரியன் தானே பாளயத்துக்குப் புறம்பே நடந்து போக வேண்டும் என்கிறது. 19ஆம் அதிகாரம், உங்களோடு தங்கும் அந்நியனைச் சுதேசிபோல எண்ணி அன்புகூருங்கள், நீங்களும் எகிப்தில் அந்நியராயிருந்தீர்களே என்கிறது. வெளியே நடந்து போகும் வழக்கம் அவர் பிறந்த மரபுக்குள்ளேயே இருந்தது. ஒதுக்கும் குணம் எந்த ஒரு மதத்துக்கும் தனிச்சொத்து அன்று. பின்னால் வரும் சபை வரலாறே இதற்குச் சாட்சி.

இப்போது யோவான் நான்காம் அதிகாரம். இதில் கொஞ்சம் நேரம் நிற்க வேண்டும்.

சமாரியாவிலுள்ள சீகார் என்னும் ஊருக்கு அருகே, யாக்கோபின் கிணற்றடியில், பிரயாணத்தால் இளைப்படைந்த ஒருவர் நண்பகலில் உட்கார்ந்திருக்கிறார். சீஷர்கள் உணவு வாங்க ஊருக்குள் போயிருக்கிறார்கள். தண்ணீர் மொள்ள வந்த ஒரு பெண்ணிடம் அவர் முதலில் பேசும் வார்த்தை, “தாகத்துக்குத் தா.” போதனையோ ஆறுதலோ அதில் இல்லை. தேவையில் இருப்பவர் அவர். கொடுக்கும் நிலையில் இருப்பவள் அந்தப் பெண்.

அவள் திகைத்துப் போகிறாள். நீர் யூதனாயிருக்க, சமாரியா ஸ்திரீயாகிய என்னிடத்தில் எப்படிக் கேட்கலாம் என்கிறாள். யூதர்கள் சமாரியரோடு “சம்பந்தங்கலவாதவர்கள்” என்று சுவிசேஷகர் விளக்கம் தருகிறார். இந்தச் சொல்லுக்கு மூலத்திலுள்ள கிரேக்க வினைக்குச் சேர்ந்து பயன்படுத்துதல் என்ற பொருளும் உண்டு. ஒரே பாத்திரத்தைச் சேர்ந்து புழங்கமாட்டார்கள் என்று இதைப் படிக்கும் அறிஞர்கள் உண்டு. அந்த விளக்கம் எனக்குச் சரியாகவே படுகிறது, ஏனென்றால் இரண்டு வசனம் தாண்டி அந்தப் பெண்ணே பாத்திரத்தைப் பற்றிப் பேசுகிறாள்: “ஆண்டவரே, மொண்டுகொள்ள உம்மிடத்தில் பாத்திரமில்லையே, கிணறும் ஆழமாயிருக்கிறதே.”

சிறுவயதிலிருந்து கேட்ட வசனம். ஜீவத்தண்ணீரைப் பற்றிய உயர்ந்த உரையாடலுக்கு நடுவே, புரியாத ஒரு பெண்ணின் அசட்டுக் கேள்வி என்றே இதைக் கடந்து வந்திருக்கிறேன். ஆனால் அவள் கண் சரியான இடத்தில்தான் இருந்தது. இவரிடம் கயிறும் இல்லை, வாளியும் இல்லை. கேட்ட தண்ணீரைக் குடிக்க வேண்டுமானால் அவள் குடத்தைத்தான் வாயில் வைத்தாக வேண்டும். தன் மக்கள் தொடத் தகாதது என்று நினைத்த ஒரு பாத்திரத்தை நம்பி, வேறு ஏற்பாடு எதுவும் இல்லாமல், அவர் அந்த வெயிலில் உட்கார்ந்திருக்கிறார். நாங்கள் அந்த இல்லத்துக்குப் போன நாளில் வேனில் இரண்டு கேன் குடிதண்ணீர் ஏற்றிக்கொண்டுதான் போனோம்.

இந்தப் பெண்ணைப் பற்றிப் பிரசங்க மேடைகள் சொல்லியிருப்பதில் பெரும்பகுதி ஊகம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். வெட்கத்தால்தான் நண்பகலில் வந்தாள் என்று எழுதப்படவில்லை. ஐந்து புருஷர் இருந்தார்கள் என்பது எழுதப்பட்டிருக்கிறது. அவர்கள் இறந்தார்களா, தள்ளிவிட்டார்களா என்பது எழுதப்படவில்லை. மணமுறிவு பெரும்பாலும் ஆண் கையில் இருந்த உலகில் அவளை ஒழுக்கக்கேட்டின் உருவமாக்கியது நம்முடைய வேலை. இயேசு அவளிடம் “மனந்திரும்பு” என்று இந்த அதிகாரத்தில் ஓரிடத்திலும் சொல்லவில்லை. அவளோ ஆராதனைக்குரிய இடம் எது என்னும் இறையியல் கேள்வியை அவரிடம் கேட்கிறாள். அவர் அதற்கு முழுமையாகப் பதில் சொல்கிறார். ஒதுக்கப்பட்டவர்களிடம் நாம் அவர்களுடைய துன்பத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறோம். வேறு எதைப் பற்றியும் அவர்களுக்குக் கருத்து இருக்கும் என்று நினைப்பதில்லை.

“ஒதுக்கப்பட்டவர்” என்று எழுதும்போதே கை கொஞ்சம் தயங்குகிறது. இலக்கணப்படி அது செயப்பாட்டு வினை. ஒதுக்கியவர் யார் என்பதை அந்தச் சொல் மறைத்துவிடுகிறது. “விளிம்புநிலை” என்னும் சொல்லில் செய்தவனே கிடையாது, ஏதோ ஆற்றங்கரைபோல விளிம்பு இயற்கையாக அமைந்துவிட்டதாகத் தோன்றும். இந்த வகையில் யோவான் 9ஆம் அதிகாரம் நேர்மையாக எழுதப்பட்டது. பிறவிக்குருடனாயிருந்து பார்வை பெற்றவனை விசாரித்தவர்கள், அவனைப் புறம்பே தள்ளிவிட்டார்கள் என்று எழுவாயோடு சொல்கிறது. தள்ளியது யார், எதற்காகத் தள்ளினார்கள் என்பது பக்கத்தில் இருக்கிறது. அவனைத் தள்ளிவிட்டதை இயேசு கேள்விப்பட்டு அவனைக் கண்டார் என்று அடுத்த வசனம் தொடர்கிறது.

லூக்காவின் சகேயு இந்த வரிசையில் கொஞ்சம் சங்கடமானவன். அவன் ஏழையல்லன், ஆயக்காரருக்குத் தலைவன், ஐசுவரியவான். ரோமருக்காக வரி தண்டி, அதில் தனக்கும் எடுத்துக்கொண்டவன். ஊர் அவனை வெறுத்ததற்கு நியாயம் இருந்தது. ஒதுக்கப்பட்டவர் எல்லாரும் குற்றமற்றவர், அதனால்தான் அவர்களை நேசிக்கிறோம் என்றால், குற்றமுள்ள முதல் ஆளைச் சந்தித்தவுடன் நம் அன்பு தீர்ந்துவிடும். காட்டத்தி மரத்தில் ஏறியிருந்தவனை நிமிர்ந்து பார்த்து இயேசு சொல்வது, “நீ சீக்கிரமாய் இறங்கிவா, இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்.” தன்னிடம் வரச் சொல்லவில்லை, விருந்தாளியாகத் தன்னைத்தானே அழைத்துக்கொள்கிறார். ஊரார் முறுமுறுத்தது அவன் பாவத்தைப் பற்றியதன்று, அவர் அவன் வீட்டில் தங்கப் போனதைப் பற்றி. நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திரும்பச் செலுத்துகிறேன் என்று அவன் சொல்வது அதற்குப் பிறகு வருகிறது. வாசலை மிதிக்க முன்நிபந்தனை எதுவும் வைக்கப்படவில்லை. ஆனால் பந்தி முடிவதற்குள் பறிகொடுத்தவர்களின் கணக்கு நேராகிறது. அந்தக் கணக்கு இல்லாமல் வெறும் விருந்தோடு கதை முடிந்திருந்தால், அவனிடம் வரி கட்டி நொந்தவர்களுக்கு அது சுவிசேஷமாக இருந்திருக்காது.

சிலுவைப் பாடுகளுக்குச் சற்று முந்தைய நாட்களிலும் இதே வழக்கம்தான். பெத்தானியாவில் அவர் பந்தியிருந்தது “குஷ்டரோகியாயிருந்த சீமோன்” வீட்டில் என்று மாற்கு 14ஆம் அதிகாரம் பெயரோடு சொல்கிறது. லூக்கா 7ஆம் அதிகாரத்தில் வேறொரு சீமோன், பரிசேயன், மரியாதைக்குரியவன். அவன் வீட்டு விருந்தில் அழைக்கப்படாத ஒரு பெண் வந்து அவர் பாதங்களைக் கண்ணீரால் நனைத்துத் தலைமயிரால் துடைக்கிறாள். அவர் கால்களை இழுத்துக்கொள்ளவில்லை. அவள் பக்கமாய்த் திரும்பிக்கொண்டு, பேச்சை மட்டும் சீமோனிடம் வைத்து, “இந்த ஸ்திரீயைப் பார்க்கிறாயே” என்கிறார். நீ தண்ணீர் தரவில்லை, இவள் தந்தாள்; நீ முத்தஞ்செய்யவில்லை, இவள் செய்தாள். விருந்து வைத்தவனுடைய உபசரிப்பு குறைவுபட்டது, அவளுடைய உபசரிப்பு நிறைவானது என்று, அவன் வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு சொல்லிவிடுகிறார்.

நல்ல சமாரியன் உவமையையும் நாம் தலைகீழாகவே பிடித்திருக்கிறோமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. எல்லாரும் அதைக் கேட்டவுடன் சமாரியனாக மாறிவிடுகிறோம்; எண்ணெயும் திராட்சரசமும் நம் கையில், காயம் யாரோ ஒருவர் உடம்பில். ஆனால் கதையைக் கேட்டவன் யூத நியாயசாஸ்திரி. எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கிப் போய்க் குற்றுயிராய்க் கிடப்பவனுடைய இடத்தில்தான் அவனால் தன்னை வைத்துப் பார்க்க முடியும். தன் காயத்தைக் கட்டுபவன், தன்னைத் தூக்கிச் சுமக்கிறவன், தனக்காக இரண்டு பணம் கட்டுகிறவன் ஒரு சமாரியன் என்பதை அவன் ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. பிறன் யார் என்று கடைசியில் கேட்கப்பட்டபோது “சமாரியன்” என்று சொல்ல அவன் வாய் வரவில்லை. “அவனுக்கு இரக்கஞ்செய்தவனே” என்று சுற்றி வளைக்கிறான். அந்தச் சுற்றிவளைப்பும் என்னுடைய “இப்பதான் குடிச்சேன்” என்பதும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

மத்தேயு 25ஆம் அதிகாரத்தை ஒதுக்கிவிட்டு இதைப்பற்றி எழுத முடியாது; ஆனால் தர்ம காரியங்களுக்கான சுவரொட்டிகளில் அதிகம் அச்சான வேதப்பகுதி என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். பசித்தவருக்கும் தாகமுள்ளவருக்கும் செய்ததை எனக்கே செய்தீர்கள் என்று இயேசு சொல்லும் பகுதி அது. அதில் வரும் “மிகவும் சிறியவராகிய என் சகோதரர்” என்பது இயேசுவின் சீஷரை மட்டும் குறிக்கிறது என்று கொள்ளும் விளக்கவுரையாளர்களும் உண்டு. எப்படிக் கொண்டாலும் என்னைக் கவர்வது நீதிமான்களின் ஆச்சரியம்: உம்மை எப்பொழுது பசியுள்ளவராகக் கண்டோம்? அவர்களுக்குத் தாங்கள் செய்தது நினைவில் இல்லை. பசித்தவனில் கிறிஸ்துவைக் காண்கிறேன் என்று சொல்லிக்கொண்டு பசித்தவனைக் காணாமல் போகும் ஆபத்து பக்தியுள்ளவர்களுக்கே அதிகம். எங்கள் ஆண்டறிக்கையில் கொடுத்த கம்பளிகளின் எண்ணிக்கை இருந்தது, வாங்கியவர்களில் ஒருவர் பெயரும் இல்லை. அறிக்கையை எழுதியவனும் நான்தான்.

ஆதிச் சபை இந்தப் பாடத்தை எவ்வளவு சீக்கிரம் மறந்தது என்பதற்குக் கொரிந்தியருக்கு எழுதின முதலாம் நிருபமே போதும். சிலுவை நடந்து இன்னும் முப்பது ஆண்டுகூட ஆகவில்லை. கர்த்தருடைய பந்திக்கு, அதாவது அப்பமும் இரசமும் பகிரும் நற்கருணைக்கு, கூடிவருகிறார்கள். வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டுவிடுகிறார்கள், ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் குடிவெறியாயிருக்கிறான். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்று பவுல் கொதிக்கிறார். நற்கருணையைப் பற்றிய மிகப் பழைய எழுத்துப் பதிவு நமக்குக் கிடைத்தது இந்தச் சண்டையின் நடுவிலிருந்துதான்.

பிற்பாடு நடந்தவை இன்னும் மோசம். 1179இல் கூடிய மூன்றாம் இலாத்தரன் சங்கம் என்னும் திருச்சபைப் பேரவை, தொழுநோயாளருக்குத் தனிக்கோயிலும் தனிக்கல்லறையும் இருக்கலாம் என்று விதித்தது. அவர்களுக்கு ஆராதனையே கிடைக்காமல் செய்த குருமாரைக் கண்டித்துத்தான் அந்த விதி எழுதப்பட்டது. அந்த அளவில் அது இரக்கம், ஆனால் சுவரும் அதோடு சேர்ந்தே எழும்பியது. இடைக்காலச் சடங்கு நூல்கள் சிலவற்றில், நோயாளியை உலகத்துக்குச் செத்தவனாகப் பாவித்துப் பிரித்து அனுப்பும் வழிபாட்டு முறை இருக்கிறது. 1321இல் பிரான்சில் தொழுநோயாளர்கள் கிணறுகளில் விஷம் கலக்கச் சதி செய்தார்கள் என்று பழி சுமத்தி, அவர்களில் பலரை எரித்தார்கள். கிணற்றடியில் தண்ணீர் கேட்டவரின் பெயரால் ஞானஸ்நானம் பெற்ற தேசம் அது.

இதையெல்லாம்விட என் மனதில் தைத்தது தென்னாப்பிரிக்காவின் ஒரு சபைத் தீர்மானம். கேப் பகுதியின் டச்சுச் சீர்திருத்தச் சபையில், நிறம் பாராமல் எல்லா உறுப்பினருக்கும் ஒன்றாகவே திருவிருந்து கொடுக்க வேண்டும் என்று 1829இல் ஆலோசனைச் சங்கம் முடிவு செய்திருந்தது. ஆனால் கறுப்பின விசுவாசிகளோடு ஒரே பாத்திரத்தில் குடிக்க வெள்ளையர் சிலர் மறுத்துக்கொண்டே இருந்தார்கள். 1857இல் சங்கம் மறுபடி கூடியது. எல்லாரும் ஒரே சபையில் இருப்பதே விரும்பத்தக்கது, வேதத்துக்கு ஏற்றது என்று ஒப்புக்கொண்டுவிட்டு, “சிலருடைய பலவீனத்தினிமித்தம்” தனிக்கட்டடத்தில் ஆராதிக்கலாம் என்று தீர்மானித்தது. 1881இல் தனிச் சபையே உருவானது. சகோதரனுடைய பலவீனத்தை மனதில் வைத்து நடவுங்கள் என்பது பவுலின் சொல். பலமுள்ளவன் தன் சாப்பாட்டை விட்டுக்கொடுப்பதற்காக அவர் சொன்னதை, பலவீனனுக்கு அருவருப்பாக இருக்கிறவனைப் பந்தியிலிருந்து எழுப்பிவிடுவதற்கு எடுத்துக்கொண்டார்கள். ஒரு தம்ளரைக் குறித்த கூச்சம் இரண்டு தலைமுறைக்குள் ஒரு சபைப் பிரிவாகிவிட்டது. அது தூரதேசத்துக் கதை என்று தமிழில் வாசிக்கிற எவரும் எண்ணமாட்டார்கள் என்பதால் விளக்கத் தேவையில்லை. தனியே வைக்கப்பட்ட அந்தச் சபையே நூறு ஆண்டுகளுக்குப் பின், 1982இல் பெல்ஹார் அறிக்கையை வரைந்து, பிரித்து வைப்பது சுவிசேஷத்துக்கு விரோதம் என்று விசுவாச அறிக்கையின் மொழியிலேயே சொன்னது. 1986இல் அது ஏற்றுக்கொள்ளப்பட்டது.

மறுபக்கமும் வரலாற்றில் உண்டு. நான்காம் நூற்றாண்டில் செசரியாவின் ஆயர் பசிலியுஸ் நகரத்துக்கு வெளியே நோயாளருக்கும் ஏழைகளுக்கும் பெரிய இல்லங்களைக் கட்டினார். உயர்குடியில் பிறந்த அவர் தொழுநோயாளரைச் சகோதரராக முத்தமிட்டு வரவேற்றதை, அவருடைய நண்பர் நசியான்சுஸின் கிரகோரி நினைவுரையில் குறிப்பிடுகிறார். அசிசியின் பிரான்சிஸ், 1226இல் மரணத்துக்கு முன் எழுதிவைத்த சாசனத்தை இந்த நினைவோடுதான் தொடங்குகிறார்: தொழுநோயாளரைப் பார்ப்பதே தமக்கு மிகக் கசப்பாயிருந்தது, கர்த்தரே தம்மை அவர்கள் நடுவே நடத்திப் போனார், விட்டு வரும்போது அந்தக் கசப்பு இனிப்பாக மாறியிருந்தது. கசப்பு இருந்தது என்று ஒத்துக்கொள்கிற புனிதர் என்பதால் அவரிடம் எனக்குக் கொஞ்சம் துணிவாகப் பேச முடிகிறது.

என் பிரச்சினைக்கு மிக அருகில் வருகிறவர் தாமியான். ஹவாய் அரசு 1865இல் இயற்றிய சட்டத்தின்படி தொழுநோயாளர்கள் மொலோக்காய் தீவில், மூன்று பக்கம் கடலும் ஒரு பக்கம் செங்குத்தான பாறைமலையும் சூழ்ந்த ஒரு தீபகற்பத்துக்கு அனுப்பப்பட்டார்கள். அந்தத் தனிமைப்படுத்தல் 1969 வரை நீடித்தது. பெல்ஜியத்தைச் சேர்ந்த இந்தக் குரு அங்கே போய்ச் சேர்ந்தது 1873 மே மாதம், தமது 33ஆம் வயதில். நார்வேயில் ஹான்சன் இந்த நோயின் கிருமியைக் கண்டறிந்ததும் அதே ஆண்டுதான்; சிகிச்சை கிடைக்க இன்னும் பல பத்தாண்டுகள் இருந்தன. தாமியான் வீடு கட்டினார், சவப்பெட்டி செய்தார், தண்ணீர்க் குழாய் பதித்தார், மருந்துக்கும் உதவிக்கும் அதிகாரிகளை ஓயாமல் நச்சரித்தார். அவற்றோடு இன்னொன்றும் செய்தார்: அவர்கள் நடுவில் உட்கார்ந்து, அந்தத் தீவுகளின் அன்றாட உணவான சேப்பங்கிழங்குக் கூழை அவர்களோடு ஒரே கலத்தில் கையிட்டுச் சாப்பிட்டார், தம் புகைக்குழாயை அவர்களோடு பகிர்ந்துகொண்டார். அங்கே போய்ச் சேர்ந்த ஆண்டிலேயே தம் சகோதரருக்கு எழுதிய கடிதத்தில், பிரசங்கத்தில் “நாம் தொழுநோயாளர்கள்” என்றே தாம் சொல்வதாகக் குறிப்பிடுகிறார். அப்போது அவருக்கு நோய் இல்லை. 1884 டிசம்பரில் கொதிநீரில் கால் வைத்தும் சூடு தெரியாமல் போனது. 1889 ஏப்ரல் 15இல் அங்கேயே இறந்தார்.

அவருடைய முடிவைக் கண்டு, பார்த்தாயா, பாத்திரத்தைப் பகிர்ந்ததால்தானே என்று சொல்லலாம். சொல்பவர்களை நான் குறை கூற மாட்டேன். மருந்து இல்லாத நாளில் பயம் நியாயமானதே. என்னுடைய நாளில் மருந்து இருந்தது, எனக்கு முன்னால் இருந்தவர் குணமானவர், பயத்துக்குக் காரணம் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. காரணம் போனபிறகும் பயம் இருந்தால் அதற்கு வேறு பெயர். கொடுக்கிறவனாக இருக்கும்வரை நான் அவரைவிட ஒரு படி மேலே நிற்கிறேன். அந்தத் தண்ணீரைக் குடித்திருந்தால் அந்தக் கணத்துக்காவது நான் அவருக்குக் கடன்பட்டவன். தீட்டு என்று லேவியராகமம் எழுதிய சொல் என் அகராதியிலிருந்து போய்விட்டது, உடம்பிலிருந்து போகவில்லை.

இதைக் கேட்ட நண்பர் ஒருவர், அப்படியானால் கம்பளி கொடுப்பதை நிறுத்திவிடலாமா என்று கேட்டார். நிறுத்தக் கூடாது, குளிரில் கிடப்பவருக்கு என் மனமாற்றத்தால் ஒரு பயனும் இல்லை, கம்பளியால் உண்டு. யாக்கோபு தம் நிருபத்தில், வஸ்திரமில்லாதவனிடம் சமாதானத்தோடே போய்க் குளிர்காய்ந்துகொள் என்று சொல்லி அனுப்புகிறவனைப் பார்த்துப் பரிகாசமே செய்கிறார். ஆனால் அதே அதிகாரத்தின் தொடக்கத்தில், சபைக்குள் வந்த கந்தைத்துணிக்காரனிடம் “நீ அங்கே நில்லு, அல்லது இங்கே என் பாதபடியண்டையிலே உட்காரு” என்று இடம் காட்டுகிறவனையும் அவர் விட்டுவைக்கவில்லை. கம்பளியும் வேண்டும், உட்காரும் இடமும் வேண்டும்.

எபிரெயருக்கு எழுதின நிருபத்தின் கடைசி அதிகாரம், இயேசு நகர வாசலுக்குப் புறம்பே பாடுபட்டார் என்று நினைவூட்டிவிட்டு, நாமும் பாளயத்துக்குப் புறம்பே அவரிடத்திற்குப் புறப்பட்டுப் போகக்கடவோம் என்கிறது. வெளியே இருப்பவர்களை உள்ளே கொண்டுவரும்படி அங்கே சொல்லவில்லை. அவர் ஏற்கெனவே வெளியே இருக்கிறார், போக வேண்டியது நாம். பல ஆண்டுகளாக இந்த வசனத்தை மிஷனெரி வசனம் என்றே எண்ணியிருந்தேன்.

சீகார் கிணற்றடிக்கு ஒருமுறை திரும்பிப் போகிறேன், ஏனென்றால் அந்தக் கதையில் சொல்லாமல் விடப்பட்ட ஒன்று இருக்கிறது. தாகத்துக்குத் தா என்று கேட்டவர் தண்ணீர் குடித்தாரா என்று யோவான் எழுதவே இல்லை. பேச்சு எங்கெங்கோ போய்விடுகிறது. கடைசியில் அந்தப் பெண் தன் குடத்தை வைத்துவிட்டு ஊருக்குள் ஓடுகிறாள், சீஷர்கள் வாங்கிவந்த உணவை நீட்டிச் சாப்பிடச் சொல்கிறார்கள், அவர் சாப்பிடவில்லை. பிறகு அந்த ஊரார் வந்து தங்கும்படி வேண்டிக்கொள்ள, அவர் இரண்டு நாள் அங்கே தங்குகிறார். இரண்டு நாளும் சமாரியர் வீட்டில், சமாரியர் பாயில், சமாரியர் கலத்தில். குடம் அதுவரை கிணற்றடியிலேயே இருந்ததா, யார் எடுத்து வந்தார்கள் என்பதெல்லாம் எழுதப்படவில்லை.

அன்று மாலை வேன் புறப்பட்டபோது நான் ஜன்னலோர இருக்கையில் இருந்தேன். பாட்டி மறுபடி வெளியே வந்து, புதுக் கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு, எங்களுக்குக் கையசைத்தார். திண்டின்மேல் தம்ளர் வைத்த இடத்திலேயே இருந்தது. எங்கள் குழுவில் அந்தப் பக்கமாகப் போன பதினைந்து பேரில் எவரும் அதை எடுத்திருக்கவில்லை.